புதுநிலவும் தலைப்பிறையும்

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்வீதியில் காலிதீனுக்கு ஒரு விமான டிக்கட் கடை இருந்தது. நிந்தவூரிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறவர்கள் அவனிடம்தான் வருவார்கள். எந்த விமானம் எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதைக் கணினியைத் திறக்காமலே சொல்லுவான். பதினொரு வருடத்தில் ஒரு திகதியைக்கூடப் பிழையாகப் போட்டதில்லை என்று உள்ளூர அவனுக்கு ஒரு பெருமை.

தங்கச்சி நதீராவின் புருஷன் றாஸிக் சவூதியின் தம்மாமில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டினான். போய் ஐந்து வருடமாகியிருந்தது. இடையில் இரண்டு தடவை லீவில் வந்தும் ஒரு நோன்புப் பெருநாள்கூட வீட்டில் வாய்க்கவில்லை. இந்தத் தடவை கம்பனி அறுபது நாள் கொடுத்தது. எந்த அறுபது நாள் என்பதை அவனே தெரிவு செய்யலாம். றாஸிக், மச்சான் காலிதீனுக்குக் கோல் எடுத்து இரண்டே இரண்டு விஷயம் கேட்டான். பெப்ரவரி முதல் கிழமை மகள் ஹிமாயாவின் பாடசாலையில் விளையாட்டுப் போட்டி. அதைப் பார்க்க வேண்டும். பெருநாள் தொழுகையை ஊரில் தொழ வேண்டும். மற்றதெல்லாம் உங்கள் விருப்பம் என்றான்.

காலிதீன் தொலைபேசியில் நாட்காட்டியைத் திறந்தான். எல்லாம் தமிழில் இருந்தது. மார்ச் இருபத்தொன்பது, சனிக்கிழமை என்ற கட்டத்தில் ஒரு சிறிய கறுப்பு வட்டமும் அதன் கீழே ‘புதுநிலவு’ என்ற சொல்லும் இருந்தன. புதுநிலவு என்றால் புதுப்பிறை. சனி மாலை பிறை தெரிந்தால் ஞாயிறு பெருநாள். ஞாயிறு காலையில் தொழுதுவிட்டுப் பகல் சாப்பாட்டை வீட்டாரோடு சாப்பிட்டு இரண்டு மணிக்கு வேனில் ஏறினால், திங்கள் விடியமுன் புறப்படும் விமானத்தைப் பிடிக்கலாம். அங்கிருந்து அறுபது நாளைப் பின்னுக்கு எண்ணினான். ஜனவரி முப்பது வந்தது. விளையாட்டுப் போட்டியும் உள்ளே அடங்கியது. கஷ்டமான கணக்கொன்றைச் சரியாகச் செய்த பிள்ளைபோல அவன் அதை நதீராவுக்குச் சொன்னான். போவதற்கும் திரும்புவதற்கும் அந்த நாள்களை வைத்தே கம்பனியும் விசா அடித்துவிட்டது.

இரண்டு நாள் பிந்தி ஆரம்பித்திருந்தாலும் விளையாட்டுப் போட்டி அடங்கியிருக்கும். அதை அவன் அப்போது யோசிக்கவில்லை.

றாஸிக் வந்தான். எட்டு வயது ஹிமாயாவுக்கு வாப்பா என்றால் தொலைபேசியில் தெரியும் முகம். முதல் மூன்று நாளும் அவன் முன்னால் வந்து நிற்கவே மாட்டாள். உம்மாவின் தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, முன்மண்டபத்தில் இருக்கும் வாப்பாவுக்கு வீடியோ கோல் எடுப்பாள். அதில் நன்றாகக் கதைப்பாள். வகுப்பில் யார் யாரோடு கோபம், எந்த டீச்சருக்கு எந்தப் பட்டப்பெயர், எல்லாம் சொல்வாள். றாஸிக்கும் மண்டபத்தில் இருந்தபடியே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வான். நதீரா சிரித்தாள், பிறகு குசினிக்குள் போய் அழுதாள். நாலாம் நாள் இராச் சாப்பாட்டுக்குப் பிள்ளை தொலைபேசியை வைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் பிறகு அவனை விடவில்லை. விளையாட்டுப் போட்டியில் தேசிக்காய்க் கரண்டி ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தாள். றாஸிக் வேலிக்கு வெளியே நின்ற ஆண்களோடு சேர்ந்து, முதலாவதாக வந்ததைப்போலக் கைதட்டினான்.

நோன்பு நெருங்கியது. ஒருநாள் காலிதீன் கடைக்கு மீன் ரோல்ஸ் வாங்கி வந்து தர்சிகாவுக்கும் ஒன்று நீட்டினான். தர்சிகா பாண்டிருப்புப் பிள்ளை. உயர்தரத்தில் கணிதம் படித்தவள். இரண்டு வருடமாக அவனுடைய கடையில் வேலை; அண்ணன் என்ற முறையில் அவனைக் காக்கா என்பாள். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“இண்டைக்கு அமாவாசை, காக்கா. அப்பாக்கு விரதம்.”

காலிதீனுக்குச் சந்தோஷம். தொலைபேசியிலும் இன்று புதுநிலவு என்றுதான் போட்டிருக்கிறது, அப்படியென்றால் இன்று பின்னேரம் பிறை தெரியும், நாளைக்கு நோன்பு என்றான்.

தர்சிகா அவனைப் பார்த்தாள். “அமாவாசையில எப்பிடிப் பிறை தெரியும்? அது நிலா இல்லாத நாள்தானே.”

“புதுநிலவு எண்டு போட்டிரிக்கே.”

“நாங்க அமாவாசை எண்டு சொல்றதத்தான் அவங்க புதுநிலவு எண்டு போடுறாங்க. நிலா சூரியன் நிக்கிற பக்கமே நிக்கிம். வெளிச்சம் படுற பக்கம் எங்களுக்குத் தெரியா. நீங்க சொல்ற பிறை கண்ணுக்குத் தெரிய இன்னொரு நாள் போகோணும். சிலநேரம் ரெண்டு நாளும் போகும்.”

அவள் எழுந்து சுவரில் தொங்கிய கலண்டரில் மார்ச் தாளைத் தூக்கிக் காட்டினாள். இருபத்தொன்பது, சனிக்கிழமை. கட்டத்தின் மூலையில் சிறிய எழுத்தில் ‘அமாவாசை’ என்று இருந்தது. தினமும் அவன் கண்ணில் படும் கலண்டர். அந்தச் சொல் தனக்குரியதல்ல என்று எண்ணியே அவன் அதை ஒருநாளும் வாசித்ததில்லை.

வாங்கி வந்த ரோல்ஸ் மேசையிலேயே ஆறியது. காலிதீன் விரலை மடக்கி எண்ணினான். திரும்பவும் எண்ணினான். சனி அமாவாசை என்றால் ஞாயிறு மாலைதான் பிறை. திங்கள்தான் பெருநாள். றாஸிக் ஞாயிறு பகல் இரண்டு மணிக்குப் போகிறான்.

அன்று மாலை கடற்கரையில் ஆட்கள் பிறை பார்க்கக் கூடினார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த சீனிமுகம்மது மரைக்காரும் வழக்கம்போலப் போய் நின்றார். கடற்கரையில் நின்றபடி கடலுக்கு முதுகைக் காட்டி, தென்னைகளுக்கு மேலே மேற்கு வானத்தை இருட்டும்வரை பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. சவூதியில் கண்டுவிட்டதாக இரவு செய்தி வந்தது. இங்கே ஒரு நாள் கழித்துத்தான் நோன்பு பிடித்தார்கள்.

நதீரா எண்ணத் தெரியாதவள் அல்ல. றாஸிக் போகிற ஞாயிறு இருபத்தொன்பதாம் நோன்பு என்பதை முதல் நாள் சஹர் சாப்பாட்டு நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். விடிந்ததும் வீட்டுக்கு வந்த காக்காவின் முன்னால் போய் நின்றாள். என்ன இது, பெருநாள் தொழுதுவிட்டுப் போகலாம் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டாள்.

பிழை என்னுடையது என்று அவனுக்கு வாய்வரை வந்தது. ஆனால் முற்றத்தில் றாஸிக் பிள்ளையின் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். அவன் கேட்கும்படி அதைச் சொல்லக் காலிதீனால் முடியவில்லை.

“பிறை பிந்திட்டு, தங்கச்சி,” என்றான். “சவூதியில கண்டது இஞ்ச தெரியல்ல.”

நதீரா அதை நம்பினாள். சொன்னது காக்கா, நம்பாமல் இருக்கக் காரணமில்லை. அந்த மாதம் முழுவதும் அவளுக்குக் கடற்கரையில் நின்று பிறை பார்த்தவர்கள் மேல் ஆத்திரமாக இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று எல்லோரிடமும் சொன்னாள். காலிதீன் விமானத்தை மாற்ற ஓடித்திரிந்தான். பிந்திய நாள்களில் இடமிருந்தது, விசா இல்லை. றாஸிக் கம்பனிக்கு எடுத்துக் கேட்டான். விசா முடிந்த பிறகு வருவதானால் வரத் தேவையில்லை என்றார்கள். சவூதிப் பிறைப்படி ஞாயிறே தொழுகிற சிலர் இருக்கிறார்கள், அவர்களோடு தொழுதுவிட்டுப் போகலாமே என்று பக்கத்து வீட்டார் சொன்னபோது, வீட்டில் மனுசியும் பிள்ளையும் நோன்போடு இருக்க நான் மட்டும் யாரோடு பெருநாள் எடுக்கிறது என்று றாஸிக் கேட்டான்.

அந்த ஞாயிறும் வந்தது. நதீரா சஹருக்குப் பிறகு படுக்கவில்லை. நோன்போடு, ருசிகூடப் பார்க்காமல், வட்டிலப்பம் அவித்து ஆறவைத்து, ஒரு தகரப் பேணியில் போட்டு அவனுடைய பெட்டிக்குள் வைத்தாள். ஒன்றரை மணிக்கு ஹிமாயா பெருநாள் உடுப்பை உடுத்திக்கொண்டு வெளியே வந்தாள். ஊதா நிறச் சட்டை, வெள்ளைக் கண்ணாடி மணி வைத்தது. நாளைக்கு உடுத்த வேண்டியதை இன்றைக்கே ஊத்தையாக்குகிறாள் என்று யாரும் ஏசவில்லை. றாஸிக் அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நல்லாயிருக்கு என்றான். பிறகு, பின்னாலும் பார்க்க வேண்டும், திரும்பு என்றான். அவள் திரும்பியபோது முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

காலிதீன் அவனோடு வேனில் போனான். அம்பாறை, மஹாஓயா தாண்டும்வரை இருவரும் அதிகம் கதைக்கவில்லை. மஹியங்கனைக்குக் கிட்டிய ஒரு வீதியோரப் பள்ளிவாசலில் நோன்பு திறக்க நிறுத்தினார்கள். பேரீச்சம்பழமும் கஞ்சியும் தந்தார்கள். தொழுதுவிட்டு வெளியே வந்தபோது முற்றத்தில் நின்ற ஆட்கள் மேற்கே கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மலைக்கு மேலே, நகத்தை வெட்டிப் போட்டதுபோல மெல்லிய பிறை தெரிந்தது. பள்ளிக்குள் பெருநாள் தக்பீர் தொடங்கியது.

றாஸிக் பிறையைப் பார்த்தபடியே கேட்டான்.

“மச்சான், அது பிறை பிந்தினதில்லத்தானே?”

காலிதீன் பிறையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தான்.

“உங்கட கடைப் புள்ள தெரியாமச் சொல்லிட்டா. நீங்க தொழப் போன நேரம் நான் கடைக்கு வந்திரிந்தன். அமாவாசைக்கு மறுநாள் எப்பிடிக் காக்கா பெருநாள் வரும், போற திகதிய மாத்த ஏலாதா எண்டு என்னட்டக் கேட்டா. அவவ ஏசிராதீங்க.”

“என்ன மன்னிச்சிருங்க, மச்சான்.”

“வேணுமெண்டா செஞ்சீங்க? சும்மா இருங்க.” பிறகு சொன்னான்: “நதீராக்கிட்டச் சொல்ல வேணாம். நான் போனா அவவுக்கு இஞ்ச நீங்க ஒராள்தான். உங்களோட கோவிச்சிக்கிட்டா அவதான் தனிச்சிப் போவா. அடுத்த பெருநாளுக்கு வருவன்தானே.”

காலிதீன் தலையாட்டினான். அப்போது அது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதை நினைத்துத்தான் பின்னாளில் மிகவும் வெட்கப்பட்டான்.

றாஸிக் திங்கள் காலை தம்மாமில் இறங்கினான். அங்கே பெருநாள் ஞாயிறே முடிந்துவிட்டது. ஊரில் அன்றுதான் பெருநாள். விமானத்தில் ஏறும்போது அங்கே தொழுகை தொடங்கவில்லை, இறங்கும்போது இங்கே முடிந்துவிட்டது, எனக்கு இந்த வருடம் பெருநாளே இல்லை என்று கோலில் சொல்லிச் சிரித்தான். ஹிமாயா சிரிக்கவில்லை.

ஜூலை நடுப்பகுதியில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், றாஸிக்கோடு ஒரே அறையில் இருந்த ஒலுவில்காரன் றஸாக் காலிதீனுக்குக் கோல் எடுத்தான். மாரடைப்பு. நாற்பத்தொரு வயது. காலிதீன் கடையைப் பூட்டாமலே கல்முனைக்குடிக்கு, நதீராவின் வீட்டுக்கு ஓடினான். அவனுடைய முகத்தைக் கண்டதும் அவள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஜனாஸாவை அங்கேயே அடக்குவதற்குச் சம்மதக் கடிதம் வேண்டுமென்றார்கள். அவளுடைய கையைப் பிடித்து எந்த இடத்தில் ஒப்பமிடுவதென்று காட்டியதும் காலிதீன்தான்.

நதீரா வெள்ளை உடுத்து, புருஷனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கும் நாலு மாதமும் பத்து நாளுமான இத்தாவில் இருந்தாள். நாலாம் நாள் சீனிமுகம்மது மரைக்கார் வந்தார். எழுபது தாண்டியவர், வயலும் பள்ளிவாசலுமாக வாழ்ந்தவர். முன்மண்டபத்துக் கதிரையில் இருந்து, அல்லாஹ் பொறுமையைத் தரட்டும் என்று திரைக்கு அப்பால் இருந்த நதீராவுக்குக் கேட்கும்படி சொன்னார். வந்திருந்தவர்கள் எல்லோரும் சொன்னதைத்தான் அவரும் சொன்னார்.

திரைக்குப் பின்னாலிருந்து நதீராவின் குரல் வந்தது.

“மரைக்கார், நீங்க அண்டைக்குப் பிறையச் சரியாப் பாத்திருந்தா என்ட மனுசன் ஒரு பெருநாளாவது புள்ளயோட இருந்திட்டுப் போயிருப்பார். கண் தெரியாட்டி ஏன் போய் நிக்கிறீங்க?”

மரைக்கார் எழுந்தார், தொப்பியைச் சரிசெய்தார், வெளியே போனார். வாசலில் செருப்பைத் தேடிப் போட அவருக்கு வெகுநேரம் பிடித்தது. காலிதீன் அந்த மண்டபத்தில்தான் நின்றான். அவனுக்கு முன்னால்தான் எல்லாம் நடந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. றாஸிக்குக்குக் கொடுத்த வாக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அப்படியே ஒரு மாதம் போனது. ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் பள்ளிவாசலில் மஹ்ரிப் தொழுதுவிட்டு வெளியே வரும்போது இரண்டு பேர் கதைத்தது காதில் விழுந்தது. அன்று பிறை பார்க்கும் நாளாம். மரைக்காரைக் கூப்பிடப் போனார்களாம். அவர் வர மறுத்துவிட்டாராம். என்ட கண்ண நம்பாதீங்க, நான் ஒரு குடும்பத்துக்கு அநியாயம் செஞ்சிட்டன் என்று சொல்லி வாசல் கதவைச் சாத்தினாராம்.

காலிதீன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே நதீராவிடம் போனான். அவள் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஹிமாயா குர்ஆன் ஓதப் போயிருந்தாள். காலிதீன் உட்காரவில்லை.

“பிறை பிந்தல்ல, தங்கச்சி. பிழ என்ட.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஃபோன்ல புதுநிலவு எண்டு கிடந்திச்சி. அது அமாவாசை. நிலா கண்ணுக்குத் தெரியாத நாள். நான் அதத் தலைப்பிறை எண்டு நினைச்சி டிக்கட்டப் போட்டுட்டன். இஞ்ச ஒராளும் பிறையக் காணாம விடல்ல. அண்டைக்கு இஞ்ச காண ஏலுமான பிறையே இல்ல. ரெண்டு நாள் தள்ளிப் போட்டிருந்தா மச்சான் தொழுதுட்டே போயிருப்பார்.”

நதீரா கையிலிருந்த கல்லைச் சுளகின் ஓரத்தில் வைத்தாள்.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“நோன்புக்கு முதலே தெரியும்.”

“அவருக்கு?”

காலிதீன் தயங்கினான். “அவருக்கும் தெரியும். வேனில போக்குள்ள சொன்னார். உன்னட்டச் சொல்ல வேணாமெண்டார்.”

அவள் சுளகைத் தள்ளி வைத்தாள். அழவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அவர் போனதில இருந்து ஒவ்வொரு நாளும் கோல்ல அதத்தான் கதைச்சன், காக்கா. மரைக்கார ஏசுவன், பள்ளிய ஏசுவன். அவரும் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கிட்டே இருப்பார். கடைசி மூண்டு மாசமும் நாங்க வேற என்னத்தக் கதைச்சோமெண்டு எனக்கு ஞாபகமே இல்ல. நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சி வெச்சிக்கிட்டு என்னக் கதைக்க விட்டிரிக்கீங்க.”

காலிதீன் அவளிடமிருந்து ஏச்சை எதிர்பார்த்து வந்திருந்தான். இதற்கு அவன் தயாராக இருக்கவில்லை. டிக்கட் பிழைக்கு மன்னிப்புக் கேட்கலாம். புருஷனும் பெண்சாதியும் கதைத்திருக்க வேண்டிய மூன்று மாதத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

“மரைக்காருட்டப் போங்க,” என்றாள். “நான் வெளிய போக ஏலாம இரிக்கன். நீங்க போய் எல்லாத்தையும் சொல்லுங்க. நான் சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லுங்க. இத்தா முடிஞ்சா நானே வருவன் எண்டும் சொல்லுங்க. மறுகா இஞ்ச வர வேணாம். என்னவும் வேணுமெண்டா புள்ளைக்கிட்டச் சொல்லி அனுப்புறன்.”

மரைக்கார் மறுநாள் காலை வீட்டுக்கு முன்னால் வீதியோரத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணுக்கு மிகக் கிட்டக் கையைக் கொண்டுபோய் மணிகளைப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருப்பதைக் காலிதீன் அன்றுதான் கவனித்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அமாவாசை எது, பிறை எது, தொலைபேசியில் எழுதியிருந்தது எது, தான் நினைத்தது எது, ஆறு மாதம் வாய்மூடி இருந்தது எல்லாவற்றையும்.

மரைக்கார் நெல்லை விட்டு நிமிர்ந்தார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அப்ப அண்டைக்கு அங்க பிறை இல்லத்தானே?”

“இல்ல, மாமா. இஞ்ச ஆருட கண்ணுக்கும் தெரிஞ்சிருக்காது.”

அவர் நெல்லுக்குப் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்தார். அந்தப் பிள்ளை அப்படிச் சொன்ன நாளிலிருந்து நித்திரை இல்லை என்றார். இத்தனை வருடமாக எத்தனை பிறையை இப்படி விட்டிருப்பேன், ஊரை எத்தனை தடவை பிழையான நாளில் நோன்பு பிடிக்க வைத்திருப்பேன் என்று படுக்கையில் கிடந்து எண்ணிக்கொண்டிருந்தாராம். தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். காலிதீனை ஏசவில்லை, மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து நெல்லைக் காலால் கிளறத் தொடங்கினார். காலிதீன் ஸலாம் சொன்னான். அவர் பதில் சொன்னார். அவ்வளவுதான்.

கடையில் தர்சிகாவுக்கும் விஷயம் தெரியவந்தது. அவள் தன்னால்தான் பிரச்சினை வந்ததோ என்று பயந்தாள். இல்லை, நீ சொன்ன அன்றைக்கே நானும் சொல்லியிருந்தால் பிரச்சினை அன்றைக்கே முடிந்திருக்கும் என்றான் காலிதீன். ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் அவள் தானாகவே நதீராவைப் பார்க்கப் போனாள். இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நதீரா சொன்னபடியே நடந்தாள். சாமான் வேண்டுமென்றால் ஹிமாயா ஒரு துண்டுக் கடதாசியோடு கடைக்கு வருவாள். காலிதீன் வாங்கிக் கொடுப்பான். வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்தால், உள்ளே வாருங்கள் என்று நதீரா சொல்வதில்லை. பிள்ளைக்கு அது விளங்கவில்லை. மாமா ஏன் உள்ளே வருவதில்லை என்று ஒருநாள் கேட்டாள். காலிதீன் வேலை கிடக்கிறது என்றான். சொன்ன பிறகுதான், இதுவும் ஒரு பொய் என்று உறைத்தது. அவளைத் திரும்பக் கூப்பிட்டான். “உம்மா என்னோட கோவம். கோவப்பட வேண்டிய காரியம் ஒண்டு நான் செஞ்சிட்டன்,” என்றான். ஹிமாயா சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டு ஓடினாள்.

நாலு மாதமும் பத்து நாளும் நவம்பர் கடைசியில் முடிந்தன. ஒவ்வொரு மாதமும் பள்ளிவாசலில் பிறை அறிவித்த நாளை நதீரா அலுமாரிக் கதவின் உட்புறம் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். முடிந்த அன்று அவள் முதலில் போனது மரைக்காரின் வீட்டுக்கு. ஹிமாயாவையும் கூட்டிக்கொண்டு போய், மரைக்காரின் மனைவியோடு வெகுநேரம் இருந்துவிட்டு வந்தாள்.

மறுநாள் அஸருக்குப் பிறகு ஹிமாயா கடைக்கு வந்தாள். கையில் கடதாசி இல்லை. உம்மா உங்களை வரச் சொன்னா என்றாள்.

காலிதீன் போனான். நதீரா மண்டபத்தில் இருந்தாள். வெள்ளை மாறி, கரும்பச்சை உடுப்பு. மெலிந்திருந்தாள். கதிரையைக் காட்டினாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள்.

“காக்கா, ஒண்டு கேப்பன். எனக்கு நோகும் எண்டு பாத்து மாத்திச் சொல்லக்கூடாது.”

“கேளு.”

“அவர் ஆஸ்பத்திரியிலயா மௌத்தானார்?”

ஜூலையில் அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தான். ஆஸ்பத்திரியில், கூட்டாளிமார் பக்கத்தில் இருக்க, கலிமாச் சொல்லிக்கொண்டே போனார் என்று. அப்போது அந்த நேரத்துக்கு வேறு எதைச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. றஸாக்கையும் அப்படியே சொல்லும்படி கேட்டுக்கொண்டான்.

காலிதீன் தரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னான்.

“இல்ல. பவுசருக்குள்ள. பகல் சாப்பாட்டு நேரம் நிழல்ல நிப்பாட்டிட்டு உள்ள இருந்திரிக்கார். திரும்ப வண்டிய எடுக்கல்ல எண்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் போய்ப் பாத்திரிக்காங்க.”

“பக்கத்தில ஒருத்தரும் இல்ல.”

“இல்ல.”

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வெளியே வீதியில் பாண்காரனின் முச்சக்கரவண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அது தூரமானதும் கேட்டாள்.

“சாப்பிட்டிருந்தாரா?”

“பார்சல் பிரிக்காமப் பக்கத்துச் சீட்டில கிடந்ததாம்.”

நதீரா கண்ணை மூடினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஜூலையில் அழுததைப்போல அல்ல. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க, நீண்ட நேரம். காலிதீன் ஆறுதல் சொல்ல முயலவில்லை. அவனுக்கும் அழுகை வந்தது. இருவரும் எதிரெதிரே இருந்து அழுதார்கள்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒலுவில்காரன் றஸாக்கின் தொலைபேசி இலக்கத்தையும் றாஸிக்கை அடக்கிய மையவாடியின் பெயரையும் ஒரு கடதாசியில் எழுதித் தரச் சொன்னாள். அவன் எழுதினான். ஓர் இலக்கத்தைப் பிழையாகப் போட்டு வெட்டித் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அவள் அதை வாங்கி ஒவ்வோர் இலக்கமாக அவனுக்கு வாசித்துக் காட்டினாள். சரிதானா என்று கேட்டாள். சரி என்றான்.

“கோவம் போகல்ல, காக்கா,” என்றாள். “போகுமா எண்டும் தெரியா. ஆனா இனிமே உள்ள வாங்க. புள்ள தேடுறா.”

கடதாசியோடு அவள் அறைக்குள் போனாள். காலிதீன் எழுந்து போகவில்லை. உள்ளே அவள் அந்த இலக்கத்துக்கு அழைத்து ஸலாம் சொல்வது கேட்டது. நான் றாஸிக்குட மனைவி, அண்டைக்கு நடந்தத ஒண்டும் விடாமச் சொல்லுங்க என்றாள். அதற்குப் பிறகு வெகுநேரம் அவளுடைய குரல் வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.